லைப்ரரி சயின்ஸ், ஆர்க்கைவ்ஸ் படிக்கலாமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் எனக்குத் தெரிஞ்ச பதில்களும்

நான் பி.ஏ. ஹிஸ்டரி முடிச்சு, அப்புறம் ரெண்டு வருஷம் எம்.லிப். (லைப்ரரி சயின்ஸ்ல மாஸ்டர் டிகிரி) படிச்சு, இப்ப ஒரு காலேஜ் லைப்ரரில இருக்கேன். வருஷா வருஷம் ரிசல்ட் வந்த உடனே பசங்களும் அவங்க அப்பா அம்மாவும் கேக்குற கேள்விங்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெக்கிறேன். தமிழ்நாட்டு நிலவரத்த வெச்சுத் தான் எழுதுறேன்.

புக்க அடுக்கி வெக்கிறதுக்கு எதுக்கு ஒரு மாஸ்டர் டிகிரி?

இத கேக்காதவங்களே இல்ல, அதனால மொதல்ல இதுவே. ஒரு ரூம்ல ஐநூறு புக் இருந்தா டிகிரி வேணாம், யார் வேணா அடுக்கலாம். அதுவே ரெண்டு லட்சம் ஆச்சுன்னா, ஒரு பொண்ணு வந்து "நெல் வயல்ல பாசிப் பெருக்கத்தப் பத்தி ஏதாச்சும் இருக்கா"ன்னு கேக்கும்போது அது விவசாயத்துல இருக்கா, தாவரவியல்ல இருக்கா, ஏதோ ஒரு கருத்தரங்குத் தொகுப்புல நடுவுல ஒரு கட்டுரையா இருக்கான்னு அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுக் குடுக்கணும் இல்லியா, அந்த அஞ்சு நிமிஷத்துக்குப் பின்னாடி இருக்குற வேலை தான் படிப்பு. வகைப்படுத்தல், கேட்டலாகிங், இன்டெக்ஸிங், தேடுற ஆளோட மனச புரிஞ்சுக்கிறது, மெட்டாடேட்டா, டேட்டாபேஸ், நிர்வாகம், கொஞ்சம் ஸ்டாடிஸ்டிக்ஸ், இதெல்லாம் பேப்பர்.

இந்த படிப்புக்கு நம்ம ஊர்ல நல்ல வேர் இருக்கு. சீர்காழில 1892ல பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில லைப்ரரியனா போட்டு, லண்டனுக்கு அனுப்பி வெச்சாங்க. அங்க ஒரு கடையில மெக்கானோ பொம்மை செட்ட பாக்குறாரு, சின்னச் சின்ன துண்டுங்கள மாத்தி மாத்திக் கோத்தா புதுப்புது பொம்மை வருது, அத பாத்ததும் ஒரு தலைப்பையும் இப்படி துண்டு துண்டா பிரிச்சுக் கோக்கலாமேன்னு தோணிச்சு, அதுல இருந்து வந்தது தான் 1933ல வெளியான கோலன் கிளாசிஃபிகேஷன்ங்குற புக்கு வகைப்படுத்துற முறை. இன்னிக்கு ஷாப்பிங் சைட்ல நிறம், சைஸ், விலைன்னு ஃபில்டர் போட்டுத் தேடுறோமே, அதுக்குப் பின்னாடி இருக்குற யோசனையும் இதே தான். 1931ல அவர் எழுதுன அஞ்சு விதிகள உலகம் பூரா லைப்ரரி ஸ்கூல்ல மொத வாரமே சொல்லிக் குடுப்பாங்க: புத்தகம் பயன்படுத்தத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவரோட புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதோட வாசகர், வாசகரோட நேரத்த மிச்சப்படுத்து, நூலகம் வளந்துகிட்டே இருக்குற ஒரு உயிர். வேலைக்கு வந்து இத்தன வருஷத்துல எனக்கு தெனமும் உதவுறது நாலாவது விதி தான்.

என்ன டிகிரி முடிச்சிருக்கணும்? எத்தன வருஷம்?

எந்த டிகிரியா இருந்தாலும் சரி. தமிழ், கெமிஸ்ட்ரி, பி.காம்., இன்ஜினியரிங், எல்லாரும் என் கிளாஸ்ல இருந்தாங்க. ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, டிகிரி முடிச்சதும் ஒரு வருஷம் பி.லிப்., அப்புறம் ஒரு வருஷம் எம்.லிப். இன்னொன்னு ரெண்டையும் சேத்து ஒரேயடியா ரெண்டு வருஷ எம்.லிப். நேர்ல போய் படிக்க முடியும்னா ரெண்டாவது நல்லது, நடுவுல நிறுத்தற எண்ணம் வராது. ஏற்கனவே ஸ்கூல்ல வேலை பாக்குறவங்களுக்கு மொதல் வழி வசதி.

எங்க படிக்கலாம்?

மெட்ராஸ் யுனிவர்சிட்டி தான் மூத்தது, மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் 1929ல ஆரம்பிச்ச பயிற்சி வகுப்ப 1931ல யுனிவர்சிட்டியே எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன், சிதம்பரம் அண்ணாமலை, சேலம் பெரியார், மதுரை காமராசர், பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி, திருவாரூர் மத்திய பல்கலைக்கழகம், இங்கயும் துறை இருக்கு. தொலைதூரக் கல்வின்னா இக்னோ. பெங்களூர்ல டிஆர்டிசின்னு ஒன்னு, 1962ல ரங்கநாதனே ஆரம்பிச்சது, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குள்ள இருக்கு, ரெண்டு வருஷ எம்.எஸ்., என்ட்ரன்ஸ் எழுதணும், ஸ்டைபெண்ட் உண்டு. கணக்கும் கம்ப்யூட்டரும் புடிச்சவங்க அத கட்டாயம் முயற்சி பண்ணுங்க, நம்ம பக்கம் நிறைய பேருக்கு அப்படி ஒன்னு இருக்குறதே தெரியல.

எங்க சேந்தாலும் சரி, சேர்றதுக்கு முன்னாடி அந்த யுனிவர்சிட்டியோட லைப்ரரிக்குள்ள ஒரு தடவ நடந்து பாருங்க. கேட்டலாக்ல ஒரு தமிழ்ப் புத்தகத்த தேடுங்க, அலமாரில போய் எடுக்க முடியுதான்னு பாருங்க. அவங்க லைப்ரரிய அவங்க எப்படி வெச்சிருக்காங்கங்குறது, உங்களுக்கு என்ன சொல்லிக் குடுப்பாங்கங்குறத காட்டிடும்.

லைப்ரரியும் ஆர்க்கைவ்ஸும் ஒன்னு தானே?

இல்ல. இத கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இது புரியாம ரெண்டு வருஷம் படிச்சு முடிக்கிறவங்க நிறைய பேர், நானும் கிட்டத்தட்ட அப்படித் தான் முடிச்சேன்.

லைப்ரரில இருக்குறது புக்கு. அந்த புக்கு இன்னொரு லைப்ரரிலயும் இருக்கும். ஒவ்வொன்னும் தனித்தனி, அதனால ஒவ்வொன்னுக்கும் தனியா நம்பர் குடுத்து, தலைப்பு வாரியா அடுக்கலாம். ஆவணக்காப்பகத்துல இருக்குறது ஒரு ஆபீஸோ, ஒரு குடும்பமோ, ஒரு கம்பெனியோ தன்னோட வேலைய பாக்கும்போது தானா சேந்த காகிதம். உலகத்துல வேற பிரதி கெடையாது. அந்த காகிதத்துக்கு அர்த்தம் அதுல எழுதியிருக்குறதுல மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடி பின்னாடி என்ன காகிதம் இருந்துச்சுங்குறதுலயும் இருக்கு. அதனால ஆர்க்கைவ்ஸ்ல ரெண்டு அடிப்படை விதி: எங்கிருந்து வந்துச்சோ அந்தத் தொகுப்ப இன்னொன்னோட கலக்காத, எந்த வரிசைல வந்துச்சோ அந்த வரிசைய கலைக்காத. மொதல் விதி பிரான்ஸ்ல 1841லயே அரசுச் சுற்றறிக்கையா வந்திருச்சு.

எனக்கு இது எப்படி உறைச்சுதுன்னா, படிக்கும்போது இன்டர்ன்ஷிப்ல செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்ல இருந்து வந்த டிரங்குப் பெட்டி ஒன்ன என்கிட்ட குடுத்தாங்க. உள்ள ரங்கூன்ல இருந்த ஏஜென்ட் எழுதுன கடுதாசி, சிட்டை, ரெண்டு பேரேடு, முறி (கடன் பத்திரம்), ரசீது, நடுவுல ரெண்டு ஜாதகம், ஒரு கல்யாணத்து மொய் ஏடு, எல்லாம் சின்னச் சின்ன கட்டா நூல் போட்டு கட்டியிருந்துச்சு. நான் லைப்ரரி புத்தியோட உக்காந்து நூலெல்லாம் அவுத்து, கடுதாசி ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம், ஜாதகம் ஒரு பக்கம்னு பிரிச்சு, தேதி வாரியா அடுக்கி, ரெண்டு நாள் வேலைய முடிச்சு சந்தோஷமா காட்டுனேன். அங்க இருந்த அக்கா ஒரு ரசீத எடுத்து, "இது எந்தக் கடுதாசியோட கட்டுல இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. என்னால சொல்ல முடியல. அந்த வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு விவகாரத்தையும் ஒரு கட்டா வெச்சிருந்திருக்காரு, கடன் கேட்ட கடுதாசி, குடுத்ததுக்கு முறி, திரும்பி வந்ததுக்கு ரசீது, அந்தக் கடனோட ஏதோ சம்பந்தப்பட்ட ஒரு ஜாதகம். ஏன் ஒரு ஜாதகம் கடன் கட்டுக்குள்ள இருந்துச்சுங்குற கேள்விக்கு பதில் அந்த நூல் முடிச்சுல இருந்துச்சு, நான் அத அவுத்துட்டேன். அந்த அக்கா என்ன திட்டல, பெட்டிக்கு மேல ஒரு குறிப்பு மட்டும் எழுதி ஒட்டுனாங்க, உள் வரிசை இன்ன தேதில கலைக்கப்பட்டதுன்னு. அந்தக் குறிப்பு இன்னும் அங்க இருக்கும்.

அதனால தான் சொல்றேன், லைப்ரரி சயின்ஸ் சிலபஸ்ல ஆர்க்கைவ்ஸ் ஒரு விருப்பப் பாடமாவோ ஒரு யூனிட்டாவோ தான் வரும், அத வெச்சு மட்டும் ஆர்க்கைவிஸ்ட் ஆகிட முடியாது. தனியா கத்துக்கணும்.

அப்ப ஆர்க்கைவ்ஸுக்குனு தனியா எங்க படிக்கிறது?

டெல்லில தேசிய ஆவணக்காப்பகம் இருக்கு, 1891ல கல்கத்தால இம்பீரியல் ரெக்கார்ட் டிபார்ட்மென்ட்டுன்னு ஆரம்பிச்சது. அவங்களே ஒரு ஸ்கூல் நடத்துறாங்க, ஸ்கூல் ஆஃப் ஆர்க்கைவல் ஸ்டடீஸ், அதுல ஒரு வருஷ டிப்ளமோ. முதுகலை முடிச்சிருக்கணும், வயசு வரம்பு இருக்கு, அறிவிப்ப நல்லா படிச்சுட்டு போடுங்க. அவ்வளவு நாள் முடியாதுங்குறவங்களுக்கு சில வாரப் பயிற்சிகளும் உண்டு: ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மென்ட், காகிதம் பராமரிப்பு, பழுது பாக்குறது, நகல் எடுக்குறது. எம்.லிப். முடிச்சுட்டு இதுல ஒன்னு போயிட்டு வந்தீங்கன்னா உங்க பயோடேட்டா தனியா தெரியும்.

இன்னொரு வழி, எடத்துல போய் வேலை கத்துக்கிறது. சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக்காப்பகம், 1909ல மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸா ஆரம்பிச்ச அந்த செங்கல் கட்டடம், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல இருந்து காகிதம் இருக்கு. ஆனந்தரங்கம் பிள்ளை பாண்டிச்சேரில தமிழ்ல எழுதுன நாட்குறிப்போட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு பன்னெண்டு தொகுதியா வந்துச்சே, அதுல பெரும்பகுதிய பதிப்பிச்ச டாட்வெல் இந்த ஆபீஸ்ல தான் இருந்தாரு. தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்ல ஒரு தனி மனுஷன் வாழ்நாள் முழுக்க சேத்தது, 1992ல அவர் போனதுக்கப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி வாங்கி 1994ல இங்கயே நூலகமா ஆச்சு. நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க தூக்கிப் போட்டதெல்லாம் அங்க இருக்கு. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டோட சைவ ஓலைச்சுவடிங்க 2005ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பட்டியல்ல சேந்துச்சு. தஞ்சாவூர் சரசுவதி மகால், பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூலகம், 1869ல ஆரம்பிச்ச அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். லெட்டர் எழுதிக் கேளுங்க. ஒரு மாசம் சும்மா வந்து வேலை செய்றேன்னு சொன்னாலும் போங்க, ஆனா ஒரு மாசத்துக்கு மேல சும்மா செய்யாதீங்க, உங்க உழைப்புக்கு விலை உண்டு.

எனக்கு கம்ப்யூட்டர் பெருசா தெரியாது, தமிழ் மீடியம் வேற. சமாளிக்க முடியுமா?

முடியும். கோஹான்னு ஒரு லைப்ரரி சாஃப்ட்வேர், நியூசிலாந்துல 2000 வாக்குல உருவானது, ஓப்பன் சோர்ஸ், காசு கெடையாது, நம்ம காலேஜுங்கள்ல நிறைய எடத்துல அது தான் ஓடுது. டிஸ்பேஸ்னு இன்னொன்னு, ஆராய்ச்சிக் கட்டுரை, பழைய கேள்வித்தாள் எல்லாம் சேத்து வெக்க. ரெண்டையும் வீட்டு லேப்டாப்புல நீங்களே போட்டுப் பாக்கலாம், லினக்ஸ் கொஞ்சம் பழகணும். மார்க் 21ங்குறது கேட்டலாக் எழுதுற ஃபார்மட், 245ன்னா தலைப்பு, 100ன்னா ஆசிரியர், 650ன்னா பொருள், மொதல்ல பயமா இருக்கும், ஒரு அம்பது புக்குக்கு எழுதிட்டா கை தானா போகும்.

இங்கிலீஷ்ல படிக்க வேண்டியிருக்கும், உண்மை. ஆனா தமிழ் நல்லா தெரிஞ்சவங்களுக்கு இந்தத் துறைல இருக்குற மதிப்பு வேற எங்கயும் இருக்காது. இங்கிலீஷ் பின்னாடி வரும்.

தமிழ்ப் புத்தகங்கள கேட்டலாக் பண்றதுல அப்படி என்ன கஷ்டம்?

எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி. நிறைய லைப்ரரில புக்குக்கு நம்பர் குடுக்குற டூயி முறைல 800 இலக்கியம், இங்கிலீஷ் இலக்கியத்துக்கு 820ல இருந்து 829 வரைக்கும் மொத்தமா குடுத்தாச்சு, தமிழ் இலக்கியம் 894.811ல "மத்த மொழிகள்" கூட்டத்துக்குள்ள உக்காந்திருக்கு. ரெண்டாயிரம் வருஷ இலக்கியத்த அந்த நம்பருக்கு அப்புறம் தான் பிரிக்கணும், முதுகுல ஒட்டுற லேபிள்ல எடம் பத்தாது. ரங்கநாதனோட முறைல தமிழ் இலக்கியம் ஓ 31ன்னு முடிஞ்சிரும்.

அடுத்தது பேரு. இங்கிலீஷ் விதிப்படி குடும்பப் பேர முன்னாடி போடணும். நமக்கு ஏது குடும்பப் பேரு, முன்னாடி இருக்குறது அப்பா பேரோ ஊர் பேரோ. புனைபேரு இன்னும் சிக்கல், புதுமைப்பித்தன்னு தேடுறவங்களும் சொ. விருத்தாசலம்னு தேடுறவங்களும் ஒரே எடத்துக்கு வந்து சேரணும், கல்கிக்கும் ரா. கிருஷ்ணமூர்த்திக்கும் அப்படியே. சுஜாதாங்குற பேர்ல எழுதுனவர் ரங்கராஜன்னு தெரியாத ஒரு கேட்டலாகர் நம்பி என்ன பண்றது? இந்த அத்தாரிட்டி வேலைய தமிழ் படிச்ச ஒருத்தர் தான் ஒழுங்கா செய்ய முடியும்.

மூணாவது எழுத்துரு. யூனிகோடுக்கு முன்னாடி டாப், டாம், டிஸ்கி, பாமினின்னு ஆளுக்கு ஒரு என்கோடிங்ல டைப் பண்ணி வெச்சதெல்லாம் இன்னிக்கு திறந்தா புரியாத குறிங்களா வருது. தமிழ்நாடு அரசு யூனிகோட 2010ல தான் ஏத்துக்கிச்சு. பழைய கேட்டலாக்க மாத்துற வேலை இன்னும் நிறைய எடத்துல பாக்கி. பழைய கணக்கு ஏடுங்கள படிக்கணும்னா தமிழ் எண்ணும், ௳ நாள், ௴ மாசம், ௵ வருஷம், ௹ ரூபா, ௸ மேற்படி, இந்தக் குறிங்களும் தெரியணும். இத எந்த சிலபஸ்லயும் நான் பாக்கல, நீங்களா உக்காந்து பழகுங்க, ரெண்டு வாரம் போதும்.

ஓலைச்சுவடி, பழைய காகிதம் பராமரிக்கக் கத்துக் குடுப்பாங்களா?

கிளாஸ்ல தியரி தான். கை வேலை அங்கங்க போய்த் தான் வரும். ஓலைய மெல்லிசு பிரஷ்ஷால துடைச்சு, எழுத்து தெரியலைன்னா கரி மை தடவித் துடைச்சு, லெமன்கிராஸ் எண்ணெய் பூசி, துணில சுத்தி வெப்பாங்க. பூச்சிக்கு வசம்பு போடுறது நம்ம பழைய வழக்கம். காகிதத்துல ஆச்சரியம் என்னன்னா, ரொம்பப் பழசு பெரும்பாலும் நல்லா இருக்கும், ஏன்னா அது துணிக்கூழ்ல செஞ்சது. பத்தொம்பதாம் நூற்றாண்டு பாதிக்கு மேல மரக்கூழ் வந்துச்சு, அதுல அமிலம், அதனால தான் நம்ம தாத்தா காலத்துப் பத்திரிகை தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. செல்லோடேப் மட்டும் ஒட்டிடாதீங்க, தயவு செஞ்சு.

எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிட்டா முடிஞ்சுது இல்ல?

ஸ்கேன் பண்றது தொடக்கம். அந்த ஃபைலுக்கு பேரு வெக்கணும், என்னது எங்கிருந்து வந்ததுன்னு மெட்டாடேட்டா எழுதணும், டிஃப் மாஸ்டர் தனியா படிக்கிற பிரதி தனியா வெக்கணும், ரெண்டு மூணு ஊர்ல காப்பி இருக்கணும், வருஷா வருஷம் ஃபைல் கெடாம இருக்கான்னு செக்சம் (ஃபைல்ல இருந்து கணக்கு போட்டு எடுக்குற ஒரு எண், ஃபைல் மாறுனா அதுவும் மாறும்) போட்டுப் பாக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு நிறுவனத்துல நூத்துக்கணக்கான சிடில ஸ்கேன் எழுதி பீரோல வெச்சாங்க, பத்து வருஷம் கழிச்சு எடுத்தா பாதிக்கு மேல ஓடல, ஸ்கேன் முடிஞ்சிருச்சேன்னு அசல் கட்டுங்களையும் எடைக்குப் போட்டிருந்தாங்க. இத நெனச்சா எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் தான். அசல தூக்கிப் போடச் சொல்றவங்க யாரா இருந்தாலும் எழுத்துல கேளுங்க, உங்க எதிர்ப்பையும் எழுத்துல குடுங்க.

வேலை கிடைக்குமா? உண்மையச் சொல்லுங்க.

கிடைக்கும், ஆனா உடனேன்னு எதிர்பாக்காதீங்க. காலேஜ் லைப்ரரியன் ஆகணும்னா மாஸ்டர்ஸ்ல 55 சதவீதமும், நெட் (தேசிய தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநில தகுதித் தேர்வு) பாஸும் வேணும். நெட்டுல லைப்ரரி சயின்ஸ் பாட எண் 59, ரெண்டு பேப்பரும் சேத்து 150 கேள்வி, 300 மார்க், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. படிக்கும்போதே எழுத ஆரம்பிங்க. பொது நூலகத்துக்கு டிஎன்பிஎஸ்சி, கேந்திரிய வித்யாலயாவுக்கு பி.லிப்., அப்புறம் ஆராய்ச்சி நிறுவனங்க, கோர்ட்டு, பத்திரிகை ஆபீஸ், ஆஸ்பத்திரி. தனியார் காலேஜ்ல ஆரம்ப சம்பளம் ரொம்பக் கம்மியா இருக்கு, அரசு எடத்துலயும் தற்காலிக வேலை அதிகம், இத மறைச்சு உங்கள உள்ள இழுக்க எனக்கு மனசு வரல. வீட்ல ஒடனே பணம் வேணும்னா பி.லிப். முடிச்சதும் ஒரு ஸ்கூல்ல சேந்துட்டு எம்.லிப்.ப தொலைதூரத்துல முடிங்க.

ஆர்க்கைவ்ஸ் வேலை எண்ணிக்கைல இன்னும் குறைவு, ஆனா இப்ப கம்பெனிங்க, மடங்க, பழைய பள்ளிக்கூடங்க நூற்றாண்டு விழா வரும்போது ஆள் தேடுறாங்க, தெரிஞ்ச ஆள் கெடைக்கல. பிரிட்டிஷ் லைப்ரரியோட அழியும் ஆவணங்கள் திட்டம் மாதிரி நிதி உதவிங்க இருக்கு, நம்ம பக்கத்துல அதுல நடந்த வேலைங்களும் உண்டு.

நம்ம தமிழ்ல இதுக்கெல்லாம் என்ன அவசரம்?

யாழ்ப்பாணம் பொது நூலகம். 1933ல ஒருத்தர் வீட்ல சின்னதா ஆரம்பிச்சு ஊரே காசு போட்டு வளத்தது. புதுக் கட்டடத்துக்கு ஆலோசனை சொல்லப் போனவர் அதே ரங்கநாதன், வரைஞ்சவர் மெட்ராஸ் ஆர்க்கிடெக்ட் நரசிம்மன். 1981 மே 31 ராத்திரி தொடங்கி எரிச்சாங்க, சுமார் 97,000 புத்தகமும் சுவடியும் போச்சு. அதுல ஒரே ஒரு பிரதியா இருந்ததெல்லாம் இன்னிக்கு உலகத்துல எங்கயும் கெடையாது. 2005ல ஈழத்து ஆளுங்க சேந்து நூலகம்னு ஒரு டிஜிட்டல் ஆவணகம் ஆரம்பிச்சாங்க, புக்கு, பத்திரிகை, துண்டுப் பிரசுரம்னு தேடித் தேடி ஏத்திக்கிட்டே இருக்காங்க. படிக்கிற பசங்க அதுல கேட்டலாக் எழுதிப் பழகலாம், அத விட நல்ல பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியல.

சேர்றதுக்கு முன்னாடியே இப்ப என்ன பண்ணலாம்?

உங்க ஊர் கிளை நூலகத்துக்குப் போங்க. உங்க வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துக் கட்டுறீங்க, 1948 சட்டத்துல இருந்து வர்ற ஏற்பாடு அது, அந்த நூலகம் உங்களுது. அங்க ஒரு மாசம் எடுத்த புக்க அலமாரில திரும்ப வெச்சு உதவுங்க, எந்த நம்பர் எங்க போகுதுன்னு தானா புரியும். அப்புறம் வீட்ல பரண்ல பெட்டி இருந்தா எறக்குங்க. நூல அவுக்காதீங்க. கட்டு எப்படி இருக்கோ அப்படியே மொதல்ல ஒரு போட்டோ எடுத்து, மேல இருந்து கீழ வரிசையா நம்பர் போட்டு, ஒரு நோட்டுல எழுதுங்க: ஒன்னாவது கட்டு, எத்தன காகிதம், யார் கையெழுத்து. பாட்டி இருந்தா பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க, இது யாருன்னு அவங்க சொல்லச் சொல்ல அதையும் எழுதுங்க.